எஞ்சின் எங்க?

சனிக்கிழமை ஏழரைக்கு
நிலாவெளி பஸ்ஸை விட்டுச்
சாம்பல்தீவுச் சந்தியில் இறங்கி நடந்தோம்.
பதினொரு பேர், ஒன்பது வாளி,
கம்பஸ் கன்டீனில் கடனுக்கு வாங்கிய பணிஸ் ஒரு பை.
சல்லிக் கரையில்
கடலுக்கு முதுகு காட்டி நிற்கிற ஆரம்பப் பாடசாலை.
ஐந்து வகுப்பு. ஒரே ஒரு நீளச் சுவர்.

சுவரைத் தடவி விரலை நக்கினாள் பஸ்மிலா.
"உப்பு."
உப்புக்கு மேலே எந்தப் பெயின்டும் நிற்காதென்று
ஹாட்வெயார்க்காரர் சொன்னது
எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.
ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.
சுரண்டினோம்.
வெள்ளைக்குள் ஒரு பச்சை இருந்தது,
பச்சையில் கரித்துண்டால் ஒரு கணக்கு:
ஏழும் எட்டும் பதினாறு.
கொஞ்சம் யோசித்துவிட்டு
அதையும் சுரண்டினோம்.

படம் ஏற்கெனவே தாளில் இருந்தது.
கொழும்பிலிருந்து பெயின்டோடு வந்த மாதிரி:
அப்பிள் மரம், வானவில்,
சிரிக்கிற சூரியன், புகைபோக்கி வைத்த வீடு,
ஓரத்தில் மூன்று முழக் கடல்,
அதில் பாய் விரித்த ஒரு படகு.
கவீஷ கட்டம் போட்டான்.
அவனுக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல்:
சரி, காணும், சாப்பிட்டாச்சா.
அன்றைக்கு அது போதுமாயிருந்தது.

பத்து மணிக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.
வரச்சொல்லி ஆரும் கேட்கவில்லை.
மதிலில் கால் தொங்கப்போட்டு
எங்கள் வேலையைப் பார்த்தார்கள்,
மீன் ஏலத்தில் நிற்கிறவர்களின் கண்ணால்.

டிலோஜன், மூன்றாம் வகுப்பு,
குதித்துக் கிட்ட வந்தான்.
"எஞ்சின் எங்க?"
"பாய்ப்படகு தம்பி. காத்தில ஓடும்."
"நம்பரும் இல்ல.
நேவி பிடிப்பான்."

எங்கள் தாளில் இதற்குப் பதில் இல்லை.

பாயை அழித்தோம்.
எஞ்சின் வரைந்தோம். இருபத்தைந்து குதிரை என்றான்.
பதினைந்து போதும், எண்ணெய் மிச்சம் என்றாள்
அவனுடைய அக்கா மதுர்ஷிகா.
சண்டை முடியும்வரை தூரிகையோடு நின்றேன்.
இருபத்தைந்து வென்றது.
அதற்குப் பிறகு வலை எங்க என்றார்கள்,
மிதவை எங்க, மண்ணெண்ணெய்க் கான் எங்க,
சோத்து வாளி,
அந்த வாளியைப் பார்க்கிற காகம்.
மூன்று முழத்துக்குள் கடல் அடங்கவில்லை.
அப்பிள் மரத்தை முதலில் மூடினோம்.
வானவில்லின் ஒரு கால் நனைந்தது.
வீட்டின் படி வரைக்கும் நீலம் வந்தபோது
திறப்போடு வந்து நின்ற தட்சாயினி ரீச்சர்
முதன்முறையாகப் பேசினா:
"வீட்டை விட்டிடுங்கோ, பிள்ளைகள்.
கடல் இங்கால நிக்கட்டும்."

பஸ்மிலா என்னைப் பார்த்தாள்.
நாங்கள் கைக்குழந்தையாய் இருந்த மார்கழி அது.
மதிலில் இருந்தவர்கள் அப்போது பிறக்கவேயில்லை,
அவர்கள் நண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
வாளியை எடுத்து
வீட்டுக்கு முன்னால்
தேவைக்கு அதிகமாகவே மணல் போட்டேன்.

மூன்றரைக்கு நீலம் முடிந்தது.
திருகோணமலைக்குப் போய்வரக் காசில்லை.
டிலோஜன் ஓடிப்போய்க் கொண்டுவந்தான்,
துருப்பிடித்த மூடி, பாலாடை கட்டிய பெயின்ட்,
அப்பா படகுக்கு அடித்த மிச்சம்.
அது எனாமல், சுவருக்குச் சரிவராது என்று
மூன்று மொழியிலும் தலையாட்டினான் கவீஷ.
பிறகு அவனே கம்பால் கலக்கினான்.
ஒரே கடலில் பாதி மங்கல், பாதி மினுக்கம்.
"மினுங்கிறது ஆழம்," என்றாள் மதுர்ஷிகா.
சரி, என்றான் கவீஷ. காணும்.

போன கிழமை அந்தப் பக்கம் போனேன்.
உப்பு எங்கள் நீலத்தைப் பொருக்குப் பொருக்காய்க்
கழற்றிக்கொண்டிருக்கிறது.
சூரியனுக்கு வாயில்லை.
எனாமல் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஏனென்று தெரியாது.
நண்டுக்கு யாரோ இரண்டு கால் கூட்டியிருக்கிறார்கள்.
எஞ்சினில் இருபத்தைந்தை வெட்டிவிட்டுப்
பென்சிலால், அழுத்தி,
நாற்பது.